ஆத்து இறாலுக்கு யார் சொந்தம்? கடல் இறாலா, நண்டா?

நண்டைக் கையில எடுத்து காலை எண்ணுனா பத்து சரியா வந்துடும், ரெண்டு கொடுக்கு, எட்டு கால். இறால்ல எண்ணுனா கணக்கு இடிக்கும், ஏன்னா வாய்க்குப் பக்கத்துல இரையைப் பிடிச்சுத் தள்ளுற குட்டி உறுப்பு மூணு ஜோடி இருக்கு, வாலுக்கு அடியில நீந்துறதுக்குன்னே அஞ்சு ஜோடி இருக்கு, இதெல்லாம் சேராது, நெஞ்சுப் பகுதியில இருக்குற அஞ்சு ஜோடிதான் அந்தப் பத்து. நண்டு, இறால், சிங்கி இறால்னு கிட்டத்தட்ட 15,000 வகை இருக்குற இந்தக் கூட்டத்துக்கு டெக்கபோடா, அதாவது பத்துக்காலின்னு லாத்ரேய்ங்கிற பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் பேர் வச்சது 1802ல.

இதுக்குள்ள எப்படிப் பிரிக்கிறது? ரொம்ப நாள் நீந்துறது ஒரு பக்கம், நடக்குறது ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சிருந்தாங்க, இறால் எல்லாம் ஒண்ணாப் போச்சு. 1963ல பர்க்கன்ரோடுங்கிற விலங்கியல் அறிஞர் நீச்சலை விட்டுட்டு செவுளையும் முட்டையையும் பாத்தார், அங்கதான் விஷயமே இருக்கு.

நம்ம மார்க்கெட்டுக்கு வர்ற வெள்ளை இறால், புலி இறால் வயித்துக்கு வெளியில முட்டை ஒட்டிக்கிட்டு இருந்து பாத்திருக்கீங்களா? பாத்திருக்கவே மாட்டீங்க. அதுங்க லட்சக்கணக்குல முட்டையை கடல் தண்ணியில அப்படியே விட்டுட்டுப் போயிடும். செவுளும் மரக்கிளை மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும். ஆனா நீளக் கொடுக்கோட வர்ற ஆத்து இறால் முட்டையை வாலுக்கு அடியில நீந்துற கால்ல ஒட்டி வச்சு, பொரியுற வரைக்கும் சுமக்கும். முதல்ல ஆரஞ்சா இருக்குற முட்டை, உள்ள குஞ்சுக்குக் கண்ணு வளர வளர சாம்பல் கலருக்கு வந்துடும். நண்டும் இதே வேலையைத்தான் பண்ணுது, வயித்துக்கு அடியில மடிஞ்சு கிடக்குற அகலமான மடல் இருக்கே, அதுதான் அதோட வால், அதுக்குள்ளதான் முட்டை. ஆண் நண்டுக்கு சுமக்குற வேலை இல்ல, அதனால மடல் ஒடுக்கமா இருக்கும். (ஓட்டுக்குள்ள ஆரஞ்சா இருக்கேன்னு நாம ருசிச்சு சாப்பிடுறது வெளிய வந்த முட்டை இல்ல, சினைப்பை.)

அப்போ ஆத்து இறால் பாக்க கடல் இறால் மாதிரி இருந்தாலும் நண்டு, சிங்கி இறால் இருக்குற பக்கம்தான் அதுக்கு நெருங்கின சொந்தம். எனக்கு இது இன்னைக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு, கண்ணுக்குத் தெரியுற உருவம் எவ்வளவு ஏமாத்துது பாருங்க.

முட்டை இல்லன்னாலும் கண்டுபிடிக்கலாம். உரிக்கிறதுக்கு முன்னாடி வால் பக்கத்து ரெண்டாவது வளையத்தைப் பாருங்க, ஆத்து இறால்ல அது முன்னாடி இருக்குறதையும் பின்னாடி இருக்குறதையும் ரெண்டையும் மூடியிருக்கும். கடல்லேருந்து வர்ற வெள்ளை இறால்ல முன் வளையத்தை மூடாது, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரிசையா ஒண்ணு மேல ஒண்ணு படியும். காலையும் பாருங்க, வெள்ளை இறாலுக்கு முன்னாடி மூணு ஜோடிக் கால்ல சின்னக் கொடுக்கு இருக்கும், ஆத்து இறாலுக்கு ரெண்டு ஜோடியிலதான், அதுல ரெண்டாவது ஜோடிதான் அந்த நீளக் கொடுக்கு.

இவ்வளவு பத்திரமா சுமந்தாலும் ஆத்து இறால் குஞ்சு நல்ல தண்ணியில பிழைக்காது, உப்பு கலந்த தண்ணி வேணும், அதனால சினையோட இருக்குற தாய் ஆத்தோட போக்குலயே இறங்கி கழிமுகம் வரைக்கும் வருது, அங்க பொரிஞ்சு கொஞ்சம் வளந்த குஞ்சுங்க திரும்ப ஆத்துல எதிர்த்து ஏறிப் போகுதுங்க.