"சைலன்சர் இருக்கே, காதுக்கு எதுக்கு?"

டெக்சாஸில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் வேலை, அதனால் துப்பாக்கிக்காரர்கள் எனக்குப் புதிதில்லை. ஆனால் போன வாரம் வந்தவர் இந்த மாதத்தில் மூன்றாவது ஆள். காதில் விடாமல் 'கொய்ங்', ஆடியோகிராமில் (கேட்கும் திறனின் வரைபடம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம், சுடும்போது காதுக்கு ஏன் எதுவும் போடவில்லை என்று கேட்டால் தலைப்பில் உள்ள அதே பதில். வலது தோளில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு வழக்கமாக இடது காதுதான் முதலில் அடிவாங்கும், வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். இவருக்கு இரண்டிலும் ஒரே அளவு பள்ளம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

முதலில் 'சைலன்சர்' என்ற அந்தப் பெயரைத் திட்டிவிடுகிறேன். துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டுகிற சத்தம் குறைக்கும் குழாய் அது, நான் சப்ரஸர் என்றுதான் சொல்வேன். 1909இல் ஹைரம் பெர்சி மேக்சிம் காப்புரிமை வாங்கி 'சைலன்சர்' என்று விற்றார், அமெரிக்கச் சட்டத்திலும் அதே சொல்தான். (இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த அவருடைய அப்பா கடைசியில் காது மந்தமாகித்தான் போனார்.) சினிமாவில் வருகிற அந்த மெல்லிய 'ஃபுட்' சத்தம், மெதுவாகப் போகும் தோட்டா போட்ட .22 ரைபிளில் ஓரளவு கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றுகிற ஏஆர்-15 ரைபிளில் கிடைக்காது. அதன் தோட்டா ஒலியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வேகத்தில் போகிறது, அது காற்றைக் கிழிக்கிற வெடிச்சத்தத்தை எந்த சப்ரஸரும் தொட முடியாது. மொத்தத்தில் 165 டெசிபல் 135 ஆகும், அவ்வளவுதான். "30 குறைஞ்சுதே" என்பீர்கள். குறைந்தது நிஜம், ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் மிச்சமிருக்கிற 135, பக்கத்தில் அலறும் ஆம்புலன்ஸை விட அதிகம். அதைத்தான் ஒரு மதியத்தில் இருநூறு தடவை வாங்கிக்கொள்கிறீர்கள்.

இனி யாரும் சொல்லாத விஷயம். சப்ரஸருக்குள் இருக்கிற பேஃபிள் தட்டுகள், கூம்பு கூம்பாக அடுக்கியதோ ஒரே உலோகத் துண்டில் குடைந்ததோ, வெடித்த வாயுவைப் பிடித்து நிறுத்தித்தான் சத்தத்தைக் குறைக்கின்றன. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவுக்குக் குழல் முனையில் அமைதி. சரி, பிடித்த வாயு எங்கே போகும்? போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடுகிற உலோகத் துண்டு) கையால் இழுக்கிற ரைபிளில் பின்பக்கம் மூடியே இருக்கும், பிரச்சினை இல்லை. தானாக அடுத்த தோட்டாவை ஏற்றுகிற துப்பாக்கியில், உள்ளே அழுத்தம் தணிவதற்குள் போல்ட் திறந்துவிடும். காலித் தோட்டா வெளியே விழுகிற துவாரம் வழியாக வாயு பின்னால் பீறிடுகிறது, உங்கள் வலது கன்னத்துக்குப் பக்கத்திலேயே. அவருடைய வலது காதிலும் பள்ளம் விழுந்ததைப் பார்த்ததும் எனக்குத் தட்டிய பொறி இதுதான். விளம்பரத்தில் போடுகிற எண்ணோ பெரும்பாலும் குழல் முனையிலிருந்து 1 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளந்தது. உங்கள் காது அங்கேயா இருக்கிறது? வாயுவைச் சுழல்பாதையில் முன்னால் தள்ளிவிடுகிற வடிவங்களும் இப்போது வருகின்றன, முனையில் கொஞ்சம் சத்தம் கூடினாலும் சுடுகிறவர் காதுக்கு அவை நல்லது. வாங்கும்போது காதருகே அளந்த எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

முதல் குண்டுக்கு இன்னும் சத்தம் அதிகம், உள்ளே தங்கிய காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும். சுட்டுப் பழகும் ரேஞ்சில் பக்கத்து ஆள் சப்ரஸர் இல்லாமல் சுடுவார், அவருடைய 165 உங்கள் காதுக்கும்தான். ஆகவே சப்ரஸர் இருந்தாலும் காதுக்குள் செருகுகிற இயர்பிளக் கட்டாயம், கூரைக்குக் கீழே சுட்டால் அதற்கு மேலே காதை மூடுகிற இயர்மஃபும். "ராத்திரி இரைஞ்சுது, காலைல சரியாப் போச்சு" என்று என்னிடம் சொல்லாதீர்கள், உள்காதின் மயிர் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. மறுநாளும் காது அடைத்தே இருந்தால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

2026 ஜனவரி முதல் சப்ரஸருக்கான 200 டாலர் வரி அமெரிக்காவில் பூஜ்யமாகிவிட்டது, அரசிடம் பதிவு மட்டும் இன்னும் உண்டு. இனி கூட்டம் கூடும். போன வாரத்து மனிதர் கிளம்பும்போது "அடுத்தது எந்த சப்ரஸர் வாங்கலாம்?" என்று கேட்டார். நான் ஒரு ஜோடி ஃபோம் பிளக்கை எடுத்து, உருட்டி, காது மடலை மேலே பின்னால் இழுத்து எப்படிச் செருகுவது என்று காட்டினேன். மூன்று தடவை முயன்ற பிறகுதான் அவருக்குச் சரியாக வந்தது.