நெஞ்சுப் படபடப்பு: தொந்தரவு பெரிதா, ஆபத்து பெரிதா?

“டாக்டர், நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. ஒரு நொடி இதயம் நின்றே போய்விட்டது” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை இதய நோய்ப் பிரிவில் அன்றாடம் பார்க்கிறோம். பெரும்பாலும் இரவில் படுத்த பிறகுதான் வரும். இடப்பக்கம் ஒருக்களித்தால் இன்னும் பலமாகத் தெரியும். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துப் பார்த்திருப்பார்கள். அடங்காமல் போகவே விடியற்காலையில் ஓடிப்போய் ஈசிஜி எடுத்திருப்பார்கள். அதில் ‘நார்மல்’ என்று வந்திருக்கும். கவலை அதற்குப் பிறகுதான் கூடும்.

வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது பத்து விநாடிகளை. அந்தப் பத்து விநாடிகளில் துடிப்பு ஒழுங்காக இருந்தது என்று மட்டுமே அது சொல்லும். அதனால்தான் 24 மணி நேரம் உடலோடு ஒட்டிக்கொண்டு பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பரிந்துரைக்கிறோம். அதை உருவாக்கிய அமெரிக்கர் நார்மன் ஹோல்டர், தொடக்கத்தில் ஏறத்தாழ 38 கிலோ எடையுள்ள கருவியை முதுகில் சுமந்து சோதித்தார். இப்போது சட்டைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும், குளிக்க முடியாது என்று முகம் சுளிக்காதவர் குறைவு.

எந்தக் கருவிக்கும் முன்னால் நான் கேட்பது ஒன்று உண்டு: “எப்படித் துடித்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டுங்கள்.” சிலர் டக், டக் என்று தட்டி, நடுவில் இடைவெளி விட்டு, ஓங்கி ஒன்று வைப்பார்கள். சிலர் ஒரே சீராக, விரல் வலிக்கும் வேகத்தில் தட்டுவார்கள். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நின்றது என்பார்கள். சிலருக்குத் தாளமே பிடிபடாது. நோயின் பெயரில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இடைவெளி விட்டு ஓங்கி அடிப்பது பெரும்பாலும் எக்டோபிக் என்ற முந்திய துடிப்பு. முறைக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுகிறது. அடுத்தது வரச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில் இதயத்தில் கூடுதல் ரத்தம் நிறைவதால் அடுத்த துடிப்பு பலமாக விழும். ‘நின்று போனது’ என்று நோயாளி உணர்வது இதைத்தான். எக்கோ என்ற இதய ஸ்கேன் சரியாக இருந்து, மயக்கம் வந்ததில்லை, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இல்லை என்றால், இதனோடு நிம்மதியாக வாழலாம். தூக்கக் குறைவு, மது, ரத்தசோகை, தைராய்டு, வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் இறங்குவது எல்லாம் இதைக் கிளப்பிவிடும். டீ குடித்தால் கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் குறையுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு டம்ளரை நான் பிடுங்கமாட்டேன். ஹோல்டரில் மொத்தத் துடிப்புகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கீழறை எக்டோபிக் இருந்தால் மட்டும், இதயத் தசை தளர்கிறதா என்று அவ்வப்போது எக்கோவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீரான அதிவேகத் துடிப்பு பெரும்பாலும் எஸ்விடி, அதாவது கீழறைகளுக்கு மேலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பு. மருந்து உண்டு, மின்கோளாறான இடத்தைச் சுட்டு நிரந்தரமாகத் தீர்க்கும் அப்லேஷன் சிகிச்சையும் உண்டு.

நான் அஞ்சுவது தாளமே பிடிபடாத மூன்றாவது வகைக்கு. அதில் பலருக்குத் தொந்தரவே இருக்காது. கண்புரை அறுவைக்கு ஃபிட்னஸ் எழுதி வாங்க வந்த ஒரு பெரியவருக்கு டிஜிட்டல் பிபி கருவி மூன்று முறையும் மூன்று விதமாகக் காட்டியது. கருவி கோளாறு என்றார் உடன் வந்த மகன். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒன்று அழுத்தமாக, அடுத்தது மெலிதாக, அதற்கடுத்தது அவசரமாக. “எனக்கு ஒன்றும் இல்லையே, காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத்தானே வந்தேன்” என்றார். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறைத் துடிப்புக் கோளாறு. மேலறைகள் சுருங்காமல் வெறுமனே அதிரும்போது, இடது மேலறையின் பை போன்ற மூலையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் இல்லாதவரைவிட இவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு.

ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை யாருக்கு என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம், இதயத் தளர்ச்சி போன்றவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறோம். படபடப்பு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. இதை எத்தனை முறை சொன்னாலும், “படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்” என்று ஒருவர் வந்து நிற்பார். ஆஸ்பிரின் இதற்கு மாற்றும் ஆகாது.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம்மிடம் இன்னும் ஏராளம். அவர்களுக்கு வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற பழைய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள்தான். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரையைக் கேட்கிறார்கள். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் வால்வு நோயோடு இந்தத் துடிப்புக் கோளாறும் உள்ளவர்களுக்கு, புதிய வகையான ரிவரோக்சபானைவிடப் பழைய வகையே மேலானது என்று தெரிந்தது. ஆகவே ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையிலிருந்து விடுதலை இல்லை. பெரும்பாலும் 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும் அதை அடியோடு விட வேண்டாம். வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவர் அதையே தொடரட்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் சாப்பிட்டால்தான் ஐஎன்ஆர் தடுமாறும். முட்டிவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் ரத்தக்கசிவை வரவழைத்துவிடும்.

வீட்டாருக்கும் ஒன்று. சிகிச்சை தொடங்கிய பிறகும் களைப்பும் படபடப்பும் சிலருக்கு இருக்கத்தான் செய்யும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையே சோர்வு தரலாம். அப்லேஷன் முடிந்து முதல் மூன்று மாதம் துடிப்பு மீண்டும் தடம் புரளலாம்; அதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. “எல்லாம் உன் மனப்பிரமை” என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்து வைக்க உதவுங்கள்.

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அல்லது கை, கால், வாய் ஒருபக்கம் இழுப்பது இருந்தால் ஓமத் தண்ணீருக்கு நேரமில்லை, 108-ஐ அழையுங்கள்.

பல் பிடுங்கப் போகிறவர்கள் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஐஎன்ஆர் அளவுக்குள் இருந்தால் ஒரு பல்லுக்கு நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கடைசி ஐஎன்ஆர் சீட்டையும், துடிப்புக் கோளாறு பதிவான ஈசிஜியையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். பல் மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் பேசிக்கொள்வார்.