தப்பிப் பிழைத்த சோதனைக் காரைச் 'சரி' செய்துவிடாதீர்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். இருப்பது ஜாகுவார் கார்கள் உருவான இங்கிலாந்தின் நடுப்பகுதி என்பதால் அதிகம் பார்ப்பது ஜாகுவார்தான். அறிக்கையைப் படித்து முடித்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றே: "இதையெல்லாம் சரி பண்ண எவ்வளவு ஆகும்?" சாதாரண வண்டிக்கு அது நியாயமான கேள்வி. தொழிற்சாலை சோதனைக்கென்று கட்டிப் பார்த்த வண்டிக்கு, அதாவது புரோட்டோடைப்புக்கு, வினை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

ஜாகுவார் இ2ஏ-வின் கதையைப் பாருங்கள். ஜாகுவாரின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான இ-டைப் உலகத்தின் கண்ணில் பட்டது 1961 மார்ச்சில், ஜெனீவாவில். அதற்கு முன்பே கோவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் அதன் முன்னோடிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1957-இல் வந்த முதலாவது, இ1ஏ. அலுமினிய உடல், 2.4 லிட்டர் இன்ஜின். வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போட்டுவிட்டார்கள். கேட்க வயிறு எரியும், ஆனால் கம்பெனியின் கணக்கு வேறு. விற்பனைக்கென்று கட்டாத வண்டி வெளியே போய் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? உடைத்துவிடுவதுதான் வழக்கம்.

இ2ஏ தப்பியது. பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1960-இல் ஓட்டுவதற்காக, 3 லிட்டர் இன்ஜினோடு கட்டப்பட்ட வண்டி அது. அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாமின் அணி அதை வெள்ளை உடல், நீலப் பட்டையோடு களத்தில் இறக்கியது. ஓட்டியவர்கள் டான் கர்னியும் வால்ட் ஹான்ஸ்கெனும். இன்ஜின் கோளாறு, பந்தயத்தை முடிக்கவில்லை. பிறகு பந்தயம் ஓட அமெரிக்கா போனது. அங்கே 3.8 லிட்டர் இன்ஜின் ஏற்றினார்கள். அது உயரமான இன்ஜின், பானட்டுக்குள் அடங்கவில்லை. பானட்டின் மேலே ஒரு புடைப்பு வைத்து அடக்கினார்கள். ஊர் திரும்பியதும் டன்லப் நிறுவனத்தின் மாக்ஸரெட் பிரேக்கைச் சோதிக்க அதைப் பயன்படுத்தினார்கள். விமானங்களுக்காக உருவான, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு அது. கடைசியில், அறுபதுகளின் பிற்பகுதியில், பந்தயத்தில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு கம்பெனி ஊழியர் ஒருவர் கைக்குப் போனது. 2008-இல் கலிபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது விலை 49,57,000 டாலர்.

அந்தப் புடைப்பைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். லெ மானில் அது கிடையாது. லெ மான்தான் இந்த வண்டியின் பெருமை என்று நினைக்கிற ஒரு நல்ல மனிதர், கையில் பணமும் உள்ளவர், அதை வெட்டி எடுத்து 'அசலுக்கு' கொண்டுபோகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமெரிக்கப் பந்தயப் பருவம் ஒரே நாளில் துடைத்துப் போயிருக்கும். துருவுக்கும் திருட்டுக்கும் காவல் வைக்கலாம். இந்த மாதிரி ஆசைக்கு வைப்பதுதான் கஷ்டம்.

இப்படிப்பட்ட வண்டி வந்தால் நான் முதலில் பார்ப்பது பளபளப்பை அல்ல, பானட்டின் அடிப்பக்கத்தை. கையால் தட்டி உருட்டிய அலுமினியத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் உருளையின் தடம் வரிவரியாகத் தெரியும். பென்சில் கோடு இருக்கும், யாரோ எழுதிய எண் இருக்கும். எதற்கென்றே புரியாத ஓட்டை, மேலே ஒட்டு வைத்து ரிவெட் அடித்தது, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. ஏதோ ஒரு சோதனைக் கருவியை அங்கே பொருத்தியிருப்பார்கள். ஒரு பட்டறையில் நான் போய்ச் சேர்வதற்குள், அப்படிப்பட்ட ஒரு பானட்டின் உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, முகம் பார்க்கும்படி பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். வேலை சுத்தம், குறையே சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தகட்டைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிகூட மிச்சமில்லை.

கையே வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எஃகு போல்ட்டும் அலுமினியத் தகடும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் பெயிண்ட் கொப்புளித்து, குத்தினால் வெள்ளைப் பொடி உதிரும். அதை விட்டுவைத்தால் தகடே போய்விடும். பிரேக் ஹோஸ், டயர், பெட்ரோல் குழாய் இவற்றில் பழமைப் பற்றே வேண்டாம். ஓட்டுவதானால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதைக் குப்பையில் போடாமல் தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். புதிதாகச் செய்த பாகத்தில், வெளியே தெரியாத இடத்தில் ஓர் அடையாளம் குத்தச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜாகுவாரின் எக்ஸ்ஜே13 மொத்தமே ஒன்றுதான். பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி12 இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் கட்டிய அந்த வண்டி 1971 ஜனவரியில் படம் பிடிக்கும்போது சக்கரம் உடைந்து உருண்டது. பிறகு மறுபடியும் உடல் கட்டினார்கள். இன்று காணக் கிடைப்பது 1966-இல் இருந்ததன் அச்சு நகல் அல்ல என்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது. அப்படிச் சொல்லிவிட்டதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

காகிதங்களுக்கு வருகிறேன். பிரிட்டனில் வி5சி பதிவுப் புத்தகத்தைக் காட்டி "இதோ என் பெயர்" என்பார்கள். அது உரிமைச் சான்று அல்ல என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது; பதிவுபெற்ற பராமரிப்பாளர் யார் என்பதை மட்டும்தான் அது சொல்லும். சேஸிஸ் எண்ணும் முழுக் கதை சொல்லாது. 1963-இல் பந்தயத்துக்கான இலகு எடை இ-டைப்புக்கு ஜாகுவார் ஒதுக்கியது 18 எண்கள், கட்டியது 12 வண்டிகள். மீதி ஆறு எண்களில் 2014-இல் அதே கம்பெனி கார் கட்டத் தொடங்கியது. எண் உண்மை, கம்பெனி உண்மை, வண்டி புதுசு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் நாலு கை மாறிய பிறகு ஐந்தாமவர் அதை எப்படிச் சொல்லி விற்பார் என்பது வேறு விஷயம்.

சோதனைப் பிரிவு வண்டிகளுக்கு விற்பனைப் பதிவேட்டில் இடம் இல்லாமலே போகலாம். அதனால் சான்றிதழ் இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலப் புகைப்படங்களைக் கேளுங்கள். ரிவெட் வரிசையையும் காற்றுத் துளைகளையும் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். ஒத்துப்போகாத இடம் இருந்தால், எந்த வருடம், யார் கையில் மாறியது என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் அதற்கப்புறம்.