வாக்கிங் மட்டும் போதாது

காலையில் பூங்காவைச் சுற்றி வரும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிசியோதெரபிஸ்டாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து என்னிடம் வருகிறவர்களில் தவறாமல் நடந்தவர்களும் இருக்கிறார்கள். "தினமும் வாக்கிங் போறேனே, எனக்கு எப்படி இப்படி ஆச்சு?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கும் நல்லது. கால் தடுக்கும் நொடியில் நம்மைத் தாங்குவது வேறு: தொடையின் பலமும் சமநிலையும். சமதரையில் ஒரே சீராக நடக்கும்போது இரண்டுக்கும் பெரிய வேலை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு 108 ஆய்வுகளை அலசியது. சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் செய்தவர்கள் கீழே விழுவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. நடை மட்டுமே விழுவதைக் குறைக்கும் என்று சொல்ல அதில் போதிய ஆதாரம் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 150 நிமிட உடலுழைப்போடு, 3 நாட்களாவது சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லிவிட்டது.

இதற்கு ஜிம் தேவையில்லை, ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே, ஆண்களுக்கு 12க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று அர்த்தம்.

பலரும் எழுந்துவிடுவார்கள். உட்காரும்போதுதான் தொப்பென்று விழுவார்கள். அந்த இடத்தில்தான் பயிற்சியே இருக்கிறது. மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, உடம்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடியே எழ வேண்டும். மூச்சை அடக்கினால் பி.பி. ஏறும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அப்புறம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது. இவ்வளவுதான்.

வீட்டில் செய்யச் சொல்லி எழுதிக் கொடுக்கும் தாள் பெரும்பாலும் மாத்திரை டப்பாவுக்கு அடியில் போய்விடுகிறது. நாலு பேர் கூடினால் நிலைமையே வேறு. ஒருவர் வராவிட்டால் "என்ன அக்கா, உடம்புக்கு முடியலையா?" என்று போன் போகிறது. அதனால்தான் குடியிருப்புச் சங்க ஹால், கோயில் மண்டபம், பள்ளிவாசல், தேவாலயக் கூடம் என்று எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு குழு தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

காலை 6 மணிக்கு வைத்தால் ஆண்கள்தான் வருவார்கள். அந்த நேரத்தில் அம்மாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பார்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்வது அவர்களுக்குத்தான், இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். காலை 11 மணியோ மாலை 4 மணியோ, அவர்களைக் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டால் தடுக்காது.

நெஞ்சுவலி, மயக்கம், சமீபத்தில் விழுந்த அனுபவம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வரக்கூடாது, பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் வெறுங்காலில் செய்ய வேண்டாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். தேய்மானம் என்பதற்காகப் பயிற்சியையே விடத் தேவையில்லை.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். குழு தொடங்கும்போதும் அங்கே போய், முதல் சில வகுப்புகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வர முடியுமா என்று விசாரியுங்கள்.