ஸாஷிகி வராஷியைப் பேயாக்காதீர்கள்

ஜப்பானிய மொழியிலிருந்து தமிழாக்கம் செய்வது என் தொழில். அண்மையில் ஒரு காணொளியின் தமிழ் வசனம் என்னிடம் சரிபார்க்க வந்தது. வடகிழக்கு ஜப்பானில், இவாத்தே மாகாணத்துப் பழைய வீடு. நள்ளிரவில் உள்ளறையில் சின்னக் காலடிகள் ஓடுகின்றன. மூலத்தில் பாட்டி நிம்மதியோடு, "இன்னும் நம்மோடுதான் இருக்கிறது" என்கிறார். தமிழிலோ, "ஐயோ, அந்தப் பேய் இன்னும் போகவில்லையே!" என்று அலறுகிறார்.

அங்கே ஓடுவது ஸாஷிகி வராஷி, குழந்தை வடிவில் வீட்டோடு வாழ்வதாக நம்பப்படும் ஓர் அமானுஷ்ய உயிர். ஸாஷிகி என்றால் பாய் பதித்த விருந்தினர் அறை. வராஷி என்றால் அந்த வட்டார வழக்கில் குழந்தை. இரவில் தலையணையைப் புரட்டிப் போடும், குறும்பு செய்யும். ஆனால் அது தங்கும் வீடு செழிக்கும், வெளியேறினால் நொடித்துப்போகும் என்பது நம்பிக்கை. அதே மாகாணத்துத் தோனோ வட்டாரக் கதைகளைத் தொகுத்து நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ 1910-இல் வெளியிட்ட நூலில் இப்படி ஒன்று வருகிறது. பாலத்தருகே ஊர்க்காரர் ஒருவர் முன்பின் தெரியாத இரண்டு சிறுமிகளைப் பார்க்கிறார். ஒரு செல்வந்தர் வீட்டிலிருந்து வருவதாகவும், வேறோர் ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போவதாகவும் அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சிறுமிகள்தான் ஸாஷிகி வராஷிகள். அவர்கள் விட்டுவந்த வீட்டில் விஷக்காளான் தின்று இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் மடிந்தார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியே மிஞ்சினாள். அந்த மக்கள் அஞ்சுவதெல்லாம் அது போய்விடுமோ என்றுதான். அதைப் 'பேய்' என்று எழுதிவிட்டால் இந்தக் கதையே தலைகீழாகிவிடுகிறது!

என் கைக்கு வரும் தமிழ்ப் பிரதிகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவை. இறந்தவரின் ஆவியான யூரேய், கொம்பு முளைத்த ஓனி, விசித்திர உயிர்களான எண்ணற்ற வகை யோகாய் எல்லாம் அந்த வழியில் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. கப்பா என்னும் ஆற்றுவாசி குழந்தைகளைத் தண்ணீருக்குள் இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே கப்பாவுக்கு வெள்ளரிக்காய் என்றால் உயிர். மனிதருக்கு எலும்பு முறிவு வைத்தியம் கற்றுத் தந்ததாகவும் கதைகள் உண்டு. நூறாண்டு பழகிய பாத்திரமும் குடையும் உயிர்பெற்றால் ட்சுகுமோகாமி. இவற்றையெல்லாம் 'பிசாசு' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

பெயரை அப்படியே விடுங்கள், அது யார் என்பதை வசனத்திலேயே உணர்த்துங்கள் என்றுதான் இளம் மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பயம் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்புத் தரப்பில் கேட்டார்கள். பாலத்தருகே வந்த சிறுமிகளின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பாட்டியின் வசனம் இப்போது, "குழந்தை இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது, தூங்கு" என்றிருக்கிறது.