ஹோஸ்டிங் மாற்றும்போது பழைய மெயில்கள் தானாக வந்து சேராது

வெப்சைட்டை (அதோடு அதன் பெயரிலான மெயிலையும்) புது ஹோஸ்டிங்குக்கு, அதாவது அவற்றை வைத்திருக்கும் வாடகை சர்வருக்கு, மாற்றிய மறுநாள் வரும் போன் எனக்கு மனப்பாடம். "சைட் நல்லா வருது சார், ஆனா மெயில்ல பழசு எதுவுமே இல்ல." நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பழைய ஹோஸ்டிங் கணக்கு இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்றால் பயமில்லை. ரத்து செய்துவிட்டோம் என்றால் அதற்கு மேல் என்ன சொல்வது என்றே தெரியாது.

ஒரு சிறு நிறுவனம் அப்படித்தான் என்னிடம் வந்தது. எட்டு வருட மெயில். புது சைட் ஓட ஆரம்பித்த அன்றே, இரண்டு இடத்துக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று பழைய கணக்கை மூடிவிட்டார்கள். கணக்கோடு சேர்த்து பேக்கப்பும் அழிந்திருந்தது. ஏழு பேரில் ஒருவருடைய மெயில் மட்டும் பிழைத்தது, அவர் பாப் முறையில் எல்லாவற்றையும் தன் கணினியிலேயே இறக்கி வைத்திருந்ததால். மற்ற ஆறு பேரும் ஐமேப். ஐமேப்பில் மெயில் இருப்பது சர்வரில். போனிலும் லேப்டாப்பிலும் நாம் பார்ப்பது அதன் நகல்தான்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி மெயில் நிரலில் ஏற்கெனவே இருக்கும் ஐமேப் கணக்கில் சர்வர் பெயரை மட்டும் மாற்றி, புது சர்வரின் பெயரைப் போடாதீர்கள். புது சர்வர் காலியாக இருக்கும், நிரல் அதைத்தான் உண்மை என்று நம்பும், கணினியில் இருக்கும் நகலையும் அதற்கேற்பக் காலி செய்துவிடக்கூடும். புது சர்வரைத் தனியாக இரண்டாவது கணக்காகச் சேருங்கள். பழையது பக்கத்திலேயே இருக்கட்டும்.

எம்எக்ஸ் ரெக்கார்ட் என்பது உங்கள் டொமைனுக்கான (இணையப் பெயருக்கான) ஒரு பதிவு. அது சொல்வது இனி வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும்தான். ஏற்கெனவே வந்ததை அது தொடுவதே இல்லை. அதனால் வேலை இரண்டு: வழியைத் திருப்புவது ஒன்று, இருப்பதைப் பிரதி எடுப்பது இன்னொன்று.

நான் செய்யும் முறை இது. புது இடத்தில் அதே பெயர்களில் மெயில் பெட்டிகளை உருவாக்கி, பழைய பெட்டி ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி என்று பார்த்து, அதைவிடக் கூடுதலாகவே இடம் ஒதுக்குவேன். எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல் (அதை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்ற எண்) 86400 என்று இருந்தால் பழைய விலாசம் ஒரு நாள் முழுக்க மற்ற சர்வர்களின் நினைவில் இருக்கும் என்று பொருள், அதனால் இரண்டு நாள் முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்துவிடுவேன். அப்புறம் ஐமேப்சிங்க் மாதிரி ஒரு கருவியால் எல்லா ஃபோல்டர்களையும் பிரதி எடுப்பேன். அது முடிந்த பிறகுதான் எம்எக்ஸை மாற்றுவது. ஓரிரு நாள் கழித்து அதே பிரதியை மறுபடி ஓட்டினால், இடையில் பழைய பக்கம் வந்து விழுந்தவை மட்டும் வந்து சேரும். ஒன்றிரண்டு பெட்டிகள்தான் என்றால் தண்டர்பேர்டில் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு இழுத்துப் போட்டாலே போதும். ஆனால் போகும் இடம் ஜிமெயில் என்றால், ஐமேப் வழியாக ஒரு நாளில் 500 எம்பி அளவுக்குத்தான் ஏற்ற விடும். 10 ஜிபி பெட்டியை இப்படி நகர்த்த இருபது நாள் ஆகும்.

பிரதி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். இன்பாக்ஸை எல்லோரும் பார்ப்பார்கள், அனுப்பிய மெயில்களை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சர்வரில் அந்த ஃபோல்டரின் பெயர் 'சென்ட்', இன்னொன்றில் 'சென்ட் ஐட்டம்ஸ்'; பெயர் பொருந்தாமல் அவை ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். பில்டர், பார்வர்டு, தொடர்பு எண்கள், காலண்டர் எதுவும் ஐமேப்பில் வராது. அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் விஷயமும் உண்டு. பிரதி எடுக்க ஒவ்வொருவர் பாஸ்வேர்டும் தேவைப்படும் என்று எல்லோருடையதையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தற்காலிகமாக ஒன்றை வைத்து, வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளும் புது சர்வருக்கு ஏற்ப மாற வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறாராகிவிட்டன.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு புகார் வரும்: எல்லோருடைய மெயிலும் வருகிறது, ஒரே ஒரு வாடிக்கையாளருடையது மட்டும் வரவில்லை. நான் இதில் ஒரு முழு நாளைச் செலவழித்திருக்கிறேன். அந்த வாடிக்கையாளரும் அதே பழைய ஹோஸ்டிங் சர்வரில்தான் இருந்தார். உங்கள் டொமைன் இன்னும் தன்னிடமே இருக்கிறது என்று அந்த சர்வர் நினைத்துக்கொண்டிருந்தால், எம்எக்ஸைக் கேட்காமலே உள்ளுக்குள்ளேயே உங்கள் பழைய பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவருக்குத் தவறு எதுவும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பழைய ஹோஸ்டிங்கின் சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) ஈமெயில் ரூட்டிங் என்ற இடத்தில் 'லோக்கல்' என்பதை 'ரிமோட்' என்று மாற்றினால் தீர்ந்தது.

அதனால்தான் பழைய கணக்கை ஒரு மாதமாவது வைத்திருக்கச் சொல்கிறேன். மூடுவதற்கு முன், டொமைன் பெயரில் போகாமல் (அது புது சர்வருக்கு அழைத்துப் போய்விடும்) பழைய சர்வரின் சொந்தப் பெயரிலோ ஐபி முகவரியிலோ உள்ளே போய், ஒவ்வொரு பெட்டியிலும் கடைசியாக வந்த மெயிலின் தேதியைப் பாருங்கள். எம்எக்ஸ் மாற்றிய நாளோடு அது நின்றிருந்தால் மூடலாம். நேற்றைய தேதி இருந்தால், இன்னும் யாரோ அங்கேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.