ஓர்டன்: ரயில் அதிகாரியின் கோட்டில் தொங்கிய சொல்

பழைய ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைத் தமிழில் படிக்க நேர்ந்தால் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, ‘நான்காம் வகுப்பு சிவப்பு கழுகு ஆணை பெற்றார்’ என்பது. மற்றொன்று, ‘இரகசியக் கட்டட ஆலோசகராக உயர்ந்தார்’ என்பது. கழுகுக்கும் ஆணைக்கும் என்ன தொடர்பு, பாலம் கட்டியவரிடம் என்ன இரகசியம் என்று படிப்பவர் குழம்பிப்போவார். இரண்டுமே மொழிபெயர்ப்புப் பிழைகள். முதல் பிழைக்குக் காரணமான சொல் ‘ஓர்டன்’. அதன் பொருளையும் அதற்குப் பொருந்தும் தமிழ்ச்சொல்லையும்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறேன். இரண்டாவதைப் போகிற போக்கில் தீர்த்துக்கொள்ளலாம்.

1871 முதல் 1918 வரை இருந்த ஜெர்மன் பேரரசில், அரசர் தன் அதிகாரிகளுக்கும் குடிமக்களுக்கும் அளித்த சிறப்பின் பெயர் ஓர்டன். அந்தச் சிறப்பின் அடையாளமாக மார்பில் தொங்கும் சிலுவை வடிவ உலோகமும் ஓர்டன்தான். இப்படிப் பொருளையும் அதன் சின்னத்தையும் ஒரே சொல் சுமப்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

லத்தீனில் ‘ஓர்டோ’ என்றால் வரிசை. தறியில் நூல் இழைகள் நிற்கும் வரிசையைக் குறித்த சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பார்கள். போர்வீரர் நிற்கும் அணி, சமூகத்தில் ஒருவர் நிற்கும் படி என்று பொருள் விரிந்தது. ஒரே ஒழுக்கத்துக்கு உட்பட்டு மடத்தில் வாழும் துறவிகள் கூட்டமும் ‘ஓர்டோ’ ஆயிற்று. சிலுவைப் போர்க் காலத்தில் துறவும் வாளும் சேர்ந்த வீரர் கூட்டங்கள் தோன்றின. அவர்கள் மேலங்கியில் சிலுவைக் குறி இருந்தது. பிறகு மன்னர்கள் அதே சாயலில் தங்களுக்கென்று கூட்டங்களை அமைத்து, விரும்பியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1430-இல் பர்கண்டி கோமகன் நிறுவிய பொற்கம்பளிக் கூட்டம் இவற்றில் புகழ்பெற்றது. காலப்போக்கில் கூட்டம் கூடுவது நின்றுபோனது. கழுத்தில் தொங்கிய சின்னம் மட்டும் நிலைத்தது. கூட்டத்தின் பெயர் சின்னத்துக்கு இறங்கியது.

நம் ‘பட்டம்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் பயணித்த சொல். நெற்றியில் கட்டிய பொன் தகடுதான் முதலில் பட்டம். ‘பட்டம் கட்டுதல்’ என்பது அதனால்தான். தகட்டின் பெயர் மெல்ல மெல்லத் தகுதியின் பெயராக உயர்ந்து, இன்று பல்கலைக்கழகம் தருவதும் பட்டம் ஆகிவிட்டது.

ஆணை என்ற பிழை ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தின் ‘ஆர்டர்’ கட்டளையையும் குறிக்கும், இந்தச் சிறப்பையும் குறிக்கும். ஜெர்மனில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கட்டளை ‘பெஃபேல்’, ஒழுங்கு ‘ஓர்ட்னுங்’, சிறப்பு ‘ஓர்டன்’. ஓர்டன் அளிப்பதற்கு அரசர் கையெழுத்திட்ட ஓர் ஆணை உண்டு. அதன் பெயர் ‘காபினெட்ஸ்ஓர்டர்’. அந்தத் தாள் ஆணை, அது தருவது ஓர்டன். இரண்டையும் ஒன்றாக்கினால் அழைப்பிதழையே கல்யாணம் என்பது போல ஆகும்.

இனி ரயில்வேக்கு வருவோம். ஜெர்மன் பேரரசு ஒன்றுபட்ட நாடு என்று நாம் நினைத்தாலும், ரயிலும் சிறப்புகளும் அதன் உள்நாடுகளிடமே இருந்தன. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க், பாடன் ஆகியவை தனித்தனி அரசு ரயில்வேக்களை நடத்தின. 1897-இல் ஹெஸ்ஸன் தன் ரயில்வேயைப் பிரஷ்ய ரயில்வேயோடு சேர்த்துக்கொண்டது. பேரரசுக்கே சொந்தமான ரயில்வே என்றால் அல்சாஸ்-லொரைனில் ஓடியது மட்டும்தான். ஓர்டன்களும் அப்படியே. பேரரசின் பெயரில் ஓர்டன் கிடையாது. சாக்சனியில் 1850-இல் தோன்றிய ஆல்பிரெக்ட் ஓர்டன், வூர்ட்டெம்பெர்க்கில் 1830-இல் தோன்றிய ஃபிரெடெரிக் ஓர்டன், பாடனில் 1812-இல் தோன்றிய சேரிங்கன் சிங்க ஓர்டன், பவேரியாவில் புனித மிக்கேல் ஓர்டன் என்று அந்தந்த அரசர் அந்தந்த நாட்டு ஊழியருக்கு அளித்தார்.

இவற்றில் பெரியது பிரஷ்யா. 1879 முதல் தனியார் பாதைகளை அமைச்சர் மைபாக் ஒவ்வொன்றாக அரசுடைமை ஆக்கினார். முதல் உலகப் போருக்கு முன் பிரஷ்ய-ஹெஸ்ஸன் ரயில்வேயில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். இத்தனை பேரை ஒரு நிர்வாகத்துக்குள் பிடித்து வைக்கச் சம்பளமும் ஓய்வூதியமும் உதவின. அவற்றோடு சேர்ந்து வேலை செய்தது இந்த மரியாதை ஏணி.

ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவர்கள் பாயிண்ட்ஸ்மேன், கேட்கீப்பர், கார்டு, எஞ்சின் டிரைவர் போன்றவர்கள். அவர்களுக்கு ஓர்டன் கிடையாது. 1810-இல் ஏற்பட்ட ‘ஆல்கெமைனெஸ் ஏரன்சைஷன்’ என்ற வெள்ளி வட்டம்தான். அதன் பின்புறத்தில் ‘அரசுக்கு ஆற்றிய தொண்டு’ என்ற பொருளில் நான்கு சொற்கள் பொறித்திருக்கும். நடுத்தட்டு அலுவலருக்குப் பெரும்பாலும் முடி ஓர்டனின் நான்காம் படி. இது 1861 அக்டோபர் 18-இல் கோனிக்ஸ்பெர்கில் முடிசூடிய முதலாம் வில்ஹெல்ம், அந்த நாளிலேயே நிறுவியது. நீல நாடா, நடுவில் மணிமுடி, ‘கடவுள் நம்மோடு’ என்ற வாசகம். உயர்கல்வி பெற்ற பொறியாளர், சட்டம் படித்த நிர்வாகி ஆகியோருக்குச் சிவப்புக் கழுகு ஓர்டன்.

சிவப்புக் கழுகின் கதை 1705-இல் பைராய்த்தில் தொடங்குகிறது. அங்கே ஒரு சிறு அரசவை நிறுவிய ஓர்டன் அது. அந்தச் சிற்றரசு பிரஷ்யாவின் கைக்கு வந்தபோது ஓர்டனும் கூடவே வந்தது. 1810-இல் அதற்கு மூன்று படிகள் ஆயின. 1830-இல் நான்காவது சேர்ந்தது. வெள்ளை நாடாவில் இரண்டு ஆரஞ்சுக் கோடுகள், வெள்ளிச் சிலுவை, நடுவில் சிவப்புக் கழுகு. பிரஷ்ய அதிகாரிகளின் மார்பில் மிகுதியாகக் காணப்பட்டது இந்த நான்காம் படிதான்.

இந்த ஏணியில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ‘ஷ்லைஃபே’, அதாவது நாடாவில் போடும் வில் முடிச்சு. சிவப்புக் கழுகின் மூன்றாம் படியை முடிச்சோடு ஒருவர் அணிந்திருந்தால், அவர் ஏற்கெனவே நான்காம் படியைப் பெற்றுப் படிப்படியாக ஏறி வந்தவர் என்று பொருள். முடிச்சு இல்லையென்றால் நேரே மூன்றாம் படியில் ஏற்றப்பட்டவர். ஒரு துண்டு நாடா ஒருவரின் பணி வரலாற்றையே சொல்லிவிடும். வாழ்க்கைக் குறிப்புகளைப் பெயர்ப்பவர்கள் ‘முடிச்சுடன்’ என்ற சொல்லை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

ஆண்டுதோறும் ஜனவரியில் பெர்லின் அரண்மனையில் ‘ஓர்டன் திருவிழா’ நடக்கும். 1701 ஜனவரி 18-இல் பிரஷ்யா முடியரசானதை நினைவுகூரும் விழா அது. அந்த நாளில் அளிக்கப்பட்ட சிறப்புகள் அரசிதழில் நெடும் பட்டியலாக அச்சேறும். ஆண்டின் மற்ற நாள்களிலும் ஓய்வுபெறும்போது, நெடுங்காலப் பணி நிறைவடையும்போது, பேரரசர் வந்து புதுப் பாதையையோ பாலத்தையோ திறக்கும்போது ஓர்டன் கிடைக்கும். அயல்நாட்டு மன்னரின் தனி ரயிலைச் சிக்கலின்றி நடத்திக் கொடுத்த அதிகாரிக்கு அந்த மன்னரும் தன் நாட்டு ஓர்டனை அனுப்புவதுண்டு. ஆனால் அதை அணியத் தன் அரசரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியும் அரசிதழில் வரும். ஓர்டன் பெற்றவர் இறந்தால் பிரஷ்யாவில் சின்னத்தைக் குடும்பத்தார் அரசின் ஓர்டன் ஆணையத்திடம் திருப்பித் தரவேண்டும். பெயர் அவருடையது, உலோகம் அரசருடையது.

ஓர்டனுக்காக ஏங்குபவரைக் குறிக்க ஜெர்மனில் ஒரு சொல் இருக்கிறது: ‘க்னோஃப்லோக்ஷ்மெர்ட்சன்’, பொத்தான் துளை வலி. கோட்டின் பொத்தான் துளை வெறுமையாக இருப்பதால் வரும் வலி. இந்த ஏக்கத்தைத்தான் நம் குறள் அரசனின் பக்கத்திலிருந்து சொல்கிறது:

‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின்
அதுநோக்கி வாழ்வார் பலர்.’

எல்லாரையும் ஒன்றுபோலப் பார்க்காமல், அவரவர் தகுதிக்கேற்ப வேந்தன் பார்த்தால், அந்தப் பார்வையை நம்பி வாழ்வோர் பலர் இருப்பார்கள். பிரஷ்ய ரயில்வேயின் மரியாதை முறைக்கு இதைவிடச் செறிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அதோடு, நாம் தேடும் தமிழ்ச்சொல்லும் இந்தக் குறளுக்குள்ளேயே இருக்கிறது.

வரிசை. ‘வரி’ என்றால் கோடு. கோடாக நிற்பது வரிசை. பிறகு தகுதி, பிறகு தகுதிக்கு ஏற்ற சிறப்பு. புறநானூற்றில் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே’ என்கிறார். அள்ளிக் கொடுப்பது எளிது, யாருக்கு எது தகும் என்று அறிவதுதான் கடினம். இன்றும் சீர்வரிசை என்கிறோம், தாய்மாமன் வரிசை என்கிறோம். லத்தீன் ‘ஓர்டோ’ நடந்த அதே பாதையை, அதனோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தமிழ் வரிசையும் நடந்திருக்கிறது: நிற்கும் கோடு, நிற்கும் படி, படிக்குரிய மரியாதை. வேறு எந்தத் தமிழ்ச்சொல்லும் ஓர்டனோடு இவ்வளவு பொருந்தவில்லை.

‘விருது’ போதாதா என்று கேட்பார்கள். பொதுப் பேச்சுக்குப் போதும். ‘பிருதம்’ என்ற வடசொல் வழியாக வந்த விருது, ஒரு காலத்தில் வெற்றிக்கொடியையும் சிறப்புப் பெயரையும் குறித்தது. இன்றைக்கு அது ஒரு சாதனைக்கு ஒரு மேடையில் தரும் பரிசாகச் சுருங்கிவிட்டது. படிநிலையும் ஏறி வருதலும் அதில் தெரிவதில்லை. ‘பதக்கம்’ உலோகத்தை மட்டும் காட்டும். மேலும் ஆல்கெமைனெஸ் ஏரன்சைஷன் வாங்கிய கேட்கீப்பருக்கும் ஓர்டன் வாங்கிய பொறியாளருக்கும் இருந்த இடைவெளி, இரண்டையும் பதக்கம் என்று எழுதினால் மறைந்துபோகும்.

‘வரிசை’ என்றதும் இன்று ரேஷன் கடைதான் நினைவுக்கு வரும் என்ற தயக்கம் நியாயமானது. முதல்முறை எழுதும்போது ‘வரிசைச் சிறப்பு’ என்று எழுதிவிட்டுப் பிறகு வரிசை என்றே தொடரலாம். ஆக, செங்கழுகு வரிசை, மணிமுடி வரிசை, சின்னத்துக்கு வரிசைச் சின்னம், ஆல்கெமைனெஸ் ஏரன்சைஷனுக்குப் பொது மதிப்புச் சின்னம். ஓர்டனின் பிரிவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான ‘கிளாஸ்ஸே’வுக்கு வகுப்பு என்பதைவிடப் படி நல்லது. வகுப்பு என்றதும் ரயில் பெட்டியின் வகுப்பு மனதில் வந்து நிற்கிறது.

இரண்டாவது இடறலான ‘இரகசிய ஆலோசகர்’, ‘கெஹைம்ராட்’ என்ற சொல்லின் பெயர்ப்பு. ‘ஹைம்’ என்றால் வீடு. ‘கெஹைம்’ முதலில் வீட்டுக்கு உரியது, நெருக்கமானது என்றே பொருள்பட்டது. இரகசியம் என்ற பொருள் பின்னால் வந்தது. 1604-இல் பிராண்டன்பர்க்கில் அமைந்த ‘கெஹைமர் ராட்’ ஆட்சியாளரின் நெருங்கிய ஆலோசனை அவை. பிற்காலத்தில் அது வெறும் சிறப்புப் பெயராகி ரயில்வேக்கும் வந்தது. மிகைவெப்ப நீராவி எஞ்சின்களைப் பிரஷ்யாவில் நிலைநாட்டியவரும், 1906-இல் வந்த பி 8 எஞ்சினை வடிவமைத்தவருமான ராபர்ட் கார்பே ‘கெஹைமர் பௌராட்’ ஆனவர். அவர் எந்த இரகசியத்துக்கும் காவல் இருக்கவில்லை. அவருடைய எஞ்சின் ஆயிரக்கணக்கில் தயாராகி ஐரோப்பா முழுதும் ஓடியது.

குறள் அமைச்சனை ‘உழையிருந்தான்’ என்கிறது, அருகில் இருப்பவன் என்று பொருள். சோழர் காலத்தில் அரசருக்கு நெருக்கமானவர் அணுக்கர். தஞ்சைப் பெரிய கோயிலில் அணுக்கன் திருவாயில் இன்றும் இருக்கிறது. ‘உழை’ இன்று பாடுபடுவதையே நினைவூட்டுவதால் நான் அணுக்கனையே எடுப்பேன்: கெஹைம்ராட் அணுக்க ஆலோசகர், கெஹைமர் பௌராட் அணுக்கக் கட்டுமான ஆலோசகர்.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு, அன்றைய ஜெர்மன் அரசிதழில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தைப் பெயர்த்துப் பார்த்தேன். ‘மாட்சிமை தங்கிய அரசர், பெர்லின் ரயில்வே இயக்ககத்தைச் சேர்ந்த அணுக்கக் கட்டுமான ஆலோசகர் இன்னாருக்குச் செங்கழுகு வரிசையின் மூன்றாம் படியை முடிச்சுடன் அளிக்கத் திருவுளம் பற்றினார்.’ ‘ஆலர்க்னேடிக்ஸ்ட் கெரூட்’ என்ற அந்தப் பெருவணக்கத் தொடருக்குத் ‘திருவுளம் பற்றினார்’ என்பது அப்படியே பொருந்துகிறது.

1918 நவம்பரில் மன்னர்கள் முடி இழந்தார்கள். அடுத்த ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தின் 109-ஆம் பிரிவு, அரசு இனி வரிசை எதுவும் அளிக்கக் கூடாது, பதவியையோ தொழிலையோ குறிக்காத பட்டங்களைத் தரக் கூடாது, ஜெர்மானியர் எவரும் அயல் அரசின் வரிசையை ஏற்கக் கூடாது என்று எழுதி வைத்தது. 1920 ஏப்ரலில் உள்நாட்டு ரயில்வேக்கள் அனைத்தும் ஒரே ரயில்வேயாக இணைந்தன. மேற்கு ஜெர்மனி 1951-இல் தன் முதல் ஓர்டனை நிறுவியது. அதன் பிரிவுகளுக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர் ‘ஷ்டூஃபே’. ஷ்டூஃபே என்றால் படி.